லெஸ்டரில் ஒரு பனை, பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மாமனார்

குளிர் தாங்கும் பனை மரங்களைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய ஆட்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இந்த ஊரில், விடியற்காலையில் 22 டிகிரிக்கு இறங்கினாலே என் மனைவி மின்விசிறியை அணைத்துவிட்டுப் போர்வையைத் தேடுவாள். உறைபனியை நான் குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனால் பனைக் குடும்பத்து மரங்களோடுதான் என் காலம் முழுவதும் போயிருக்கிறது. பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுமேட்டில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராகத் தொடங்கி, வெளிக்காட்டு வேலைகளைக் கவனிக்கும் கண்டக்டராக ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கன்று தேறும், எது தேறாது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் கலைந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பார்த்துப் பார்த்தே கண் பழகியது.

மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் தாதியாக வேலை செய்கிறாள். சொந்த வீடு வாங்கிவிட்டார்கள். பின்புறம் கொஞ்சம் நிலம், சுற்றிலும் பலகை வேலி, ஒரு பக்கம் மட்டும் செங்கல் சுவர். “அப்பா, சமையலறைச் சன்னலில் நின்று பார்த்தால் ஒரு மட்டையாவது ஆட வேண்டும். இங்கே குளிர்காலத்தில் எல்லா மரமும் மொட்டையாக நிற்கிறது” என்றாள். மருமகன் கணக்காளர். அவருக்கு எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. பனை வகைகளை ஒரு வரிசையிலும், அவை தாங்கும் குளிரை மறு வரிசையிலும் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். “மாமா, எது மிகக் குறைந்த எண்ணோ அதையே வாங்கிவிடலாம் அல்லவா?”

அங்கே தொடங்கியது எங்கள் வழக்கு.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை தன் நாட்டைக் குளிர் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஓர் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்து, பல ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்து, 10 பாரன்ஹீட்டுக்கு ஒரு மண்டலம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் அது 5.6 செல்சியஸ். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் வேறு வழியில் போகிறது. அது செடிகளுக்கே தரம் கொடுக்கிறது: எச்1ஏ என்றால் 15 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாத செடி, எச்7 என்றால் மைனஸ் 20க்குக் கீழேயும் நிற்கும் செடி. நம் செம்பனையும் தென்னையும் எச்1ஏ கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவை.

இரண்டும் பயனுள்ளவைதாம். ஆனால் ஓர் எண் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நாற்றுமேட்டில் நின்றவன் உடனே கேட்பான். அந்த மைனஸ் 12 எத்தனை மணி நேரத்துக்கு? ஓர் இரவு இறங்கி, மறுநாள் வெயிலில் ஏறிவிட்டதா, இல்லை ஒரு வாரம் பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டாமல் கிடந்ததா? காய்ந்த குளிரா, மழையோடு சேர்ந்த குளிரா? கன்றா, தண்டு தடித்த மரமா? அது தாங்கும் என்றால் மட்டை பச்சையாகவே இருக்கும் என்று பொருளா, மட்டையெல்லாம் கருகினாலும் உயிர் போகாது என்று பொருளா? விற்கிறவர் ஒட்டும் சீட்டில் இதற்கெல்லாம் இடம் இல்லை. இடம் இருந்தாலும் எழுதமாட்டார், சரக்கு விற்க வேண்டுமே.

எனக்கு மருமகனிடம் சொல்ல இருந்தது ஒரே விஷயம்தான்: பனையில் குருத்தைப் பார். மட்டையைப் பார்க்காதே.

மாமரத்தின் கிளை ஒடிந்தால் பக்கத்தில் இன்னொரு துளிர் வரும். கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பால் வெட்டுகிறவன் தினமும் பட்டையைச் சீவுகிறான். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு மறுபடியும் பட்டையை உண்டாக்கிக்கொடுக்கிறது. பனைக் குடும்பத்துக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. தண்டைச் சுற்றி வளர்திசு இல்லை, அதனால் பட்ட காயம் ஆறாது, வடுவாகவே நிற்கும். உச்சியில், மட்டைகளின் அடிகள் ஒன்றையொன்று பொத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குள்ளே, ஒரே ஒரு வளர்முனை. இனி வரப்போகும் மட்டை, பாளை, குலை எல்லாமே அதிலிருந்துதான். ஒற்றைத் தண்டுப் பனையில் அது செத்தால் மரம் செத்தது. தொல்காப்பியத்தின் மரபியலில் வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்திருப்பதைத் தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னபோது, அட, நம் தோட்டத்துக் கதை அல்லவா இது என்று தோன்றியது. செம்பனையை மறுநடவுக்குச் சாய்க்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சுற்றுதான் இரும்பு, நடுவில் வெறும் நாரும் சோறும்.

தோட்டத்தில் குருத்துக்கு எமன் காண்டாமிருக வண்டு. இரவில் வந்து மட்டையடியில் துளை போட்டு உள்ளே போகும். வண்டு துளைத்தது இன்று என்றால், சேதம் கண்ணுக்குத் தெரிவது பிறகுதான், அந்தக் குருத்து விரிந்து, மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற வெட்டு தெரியும்போது. இளம் கன்றுகளின் மட்டை இடுக்கில் நாப்தலின் உருண்டை போட்டுவைத்தது அதற்காகத்தான். குளிரின் வேலையும் இப்படித்தான் காலம் கடந்து தெரியும். செம்பனையில் ஒரு மட்டை உள்ளே கருவாகத் தொடங்கி வெளியே தலைகாட்ட ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகும். வகைக்கு வகை இந்தக் காலம் மாறினாலும், எந்தப் பனையிலும் நாம் பார்க்கிற மட்டை பழைய சரக்குதான். ஜனவரியில் உறைபனி பட்டது என்றால் அப்போது கருகுவது ஏற்கெனவே விரிந்திருந்த மட்டை. உள்ளே கருவில் இருந்தவை அடிபட்டிருந்தால் மாதங்கள் கழித்துச் சுருங்கியும் குட்டையாகவும் நுனி கருகியும் வெளியே வரும். அதைப் பார்த்து “கோடையில் என்ன வியாதி வந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு.

இன்னொன்றும் மருமகனுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. குளிர்ச் சேதம் இரண்டு வகை. ஒன்று உறைதல்: திசுக்களுக்கு இடையில் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்து, செல்லை வற்றவைத்துக் கொல்வது. செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உண்டானால் பேச்சே இல்லை. மற்றது பனிக்கட்டி எதுவும் இல்லாமலேயே நடப்பது. வெப்பநாட்டுச் செடிகளுக்கு 10, 12 டிகிரியிலேயே செல்லின் சவ்வு இறுகி வேலை நின்றுபோகும். நம் வீட்டு வாசல்களில் சிவந்த தண்டோடு நிற்கும் பினாங் ராஜா என்ற பனைக்கு இந்த இரண்டாவது வகையே போதும். சதுப்பும் புழுக்கமும் அதன் பிறவிக் குணம். உறைபனி வரும்வரை அது காத்திருக்காது. செம்பனை நாற்றும் 15 டிகிரியில் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும்.

இதைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டாம். கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான் கீழேயிருந்து ஒரு பண்டான் வகைத் தென்னங்கன்றைக் கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் நட்டார். வேண்டாம் என்று நான் சொன்னதால் நட்டார் என்றுதான் நினைக்கிறேன். மலையில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி வீதம் குறையும். கடல் மட்டத்தில் சராசரி 27 என்றால், 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவில் 18. ரிங்லெட் அதைவிடத் தாழ்வு, கொஞ்சம் சூடு. அங்கே உறைபனி கிடையாது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவான 7.8 டிகிரிதான். இருந்தும் மச்சானின் தென்னை இன்றுவரை ஒரு பாளை விடவில்லை. மட்டைகள் குட்டை, நிறம் வெளிறிய மஞ்சள். சாகவும் இல்லை, வாழவும் இல்லை. கேட்டால் “அழகுக்குத்தான் வைத்தேன்” என்கிறார். அழகும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை, அக்கா வீட்டுக்காரர்.

ஆக, தாங்குதல் என்பதும் வளர்தல் என்பதும் வேறு வேறு. மருமகனின் அட்டவணையில் முதலிடத்தில் இருந்தது ஊசிப் பனை. அமெரிக்காவின் தென்கிழக்கில், மர நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் தானாக வளர்வது. மைனஸ் 20க்குக் கீழேயும் பிழைத்திருக்கிறது, பனைகளிலேயே குளிருக்கு மிகவும் நெஞ்சுரம் கொண்டது என்று பெயர் வாங்கியது. அடுத்தது குட்டைச் சபால் பனை, தண்டை மண்ணுக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு விசிறி மட்டைகளை மட்டும் வெளியே நீட்டுவது. வளர்முனை நிலத்துக்குள் இருந்தால் உறைபனி என்ன செய்யும்? கெட்டிக்கார மரம். ஆனால் இரண்டும் பிறந்த ஊரில் கோடை கொளுத்தும். அந்த வெயிலில் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் அவை குளிர்காலத்தைக் கடக்கின்றன. லெஸ்டர் கோடையில் மகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். அங்கே நட்டால் ஊசிப் பனை சாகாது, வளரவும் வளராது. பேரன் கல்யாணத்துக்குள் முழங்கால் உயரம் வரலாம்.

மட்டை ஆட வேண்டும் என்பது அல்லவா மகளின் ஆசை. அதற்கு ஒரே பதில்தான் எனக்குத் தெரிந்தது: சூசன் பனை. டிராக்கிகார்ப்பஸ் பார்ச்சுனி என்பது தாவரவியலார் வைத்த பெயர். ஒற்றைத் தண்டு, தண்டு முழுக்கப் பழுப்பு நாரைப் போர்த்திக்கொண்டிருக்கும், உச்சியில் விசிறி மட்டைகள். தூரத்தில் பார்த்தால் நம் பனங்கன்றின் சாயல். வேரூன்றிய மரம் மைனஸ் 10 முதல் மைனஸ் 15 வரை தாங்கும். அரச தோட்டக்கலைச் சங்கம் கொடுத்திருக்கும் தரம் எச்5. அதைவிட முக்கியம், அது சீன மலைப்பகுதி மரம். மந்தமான கோடையும் மேகமூட்டமும் அதற்குப் பழக்கம். குளிர்ச்சியான வெயிலிலும் மட்டை விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் இந்தப் புழுக்கத்தில் நோஞ்சானாகிவிடும். மச்சான் வாசலுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இந்த மரத்தின் பெயரில் இருக்கும் ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இமயமலை அடிவாரத்துக்குக் கடத்தியவர். சீன விவசாயிகள் இந்தப் பனையின் நாரில் மழைக்கோட்டு செய்து போட்டுக்கொள்வதைப் பார்த்து, சூசன் தீவுப் பக்கத்திலிருந்து கன்றுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவருக்கு முன்பே சீபோல்ட் என்ற ஜெர்மானியர் ஜப்பானிலிருந்து 1830இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றாலும் பெயர் பார்ச்சூனுக்குப் போய்விட்டது. பார்ச்சூன் அந்தத் தேயிலை வேலைக்குக் கிளம்பியது 1848இல். அதே 1848இல்தான் லண்டன் கியூ தோட்டத்தில் கண்ணாடிப் பனை மாளிகையைக் கட்டி முடித்தார்கள். அதே 1848இல்தான் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவின் டெலி வழியாக மலாயாவுக்கு வந்து, 1917இல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கையால் முதல் வணிக நடவாக மண்ணில் இறங்கின. என் சோற்றுக்கு வழி செய்தது அந்த நான்கு கன்றுகள்தான். வெள்ளைக்காரன் தன் குளிர்நாட்டுக்கு ஒரு பனையைத் தேடியெடுத்துக்கொண்டான், நம் வெயிலுக்கு ஒரு பனையைத் தேடிக்கொடுத்து நம்மையும் கூடவே கொண்டுவந்தான். சரி, அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

சூசன் பனை ஐரோப்பாவில் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால், சுவிட்சர்லாந்தின் தெற்கே ஏரிக்கரைக் காடுகளில் தானாகவே முளைத்துப் பரவி, 2024 செப்டம்பர் முதல் அந்த நாட்டில் அதை விற்கவே தடை போட்டுவிட்டார்கள். மருமகன் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பயந்தார். லெஸ்டர் வேறு, அந்தச் சுவிஸ் ஏரிக்கரை லுகானோ வேறு என்று சமாதானம் சொன்னேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவைக்கிறேன். இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை ஊர்களில் பனை என்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அவற்றில் பாதி பனையே அல்ல. நியூசிலாந்தின் கார்டிலைன் அது, வேறு குடும்பம், கிளை விடும். 2010 டிசம்பர் பிரிட்டனில் நூறு ஆண்டுகளில் இல்லாத குளிர் டிசம்பர். அந்தக் குளிரில் ஏராளமான கார்டிலைன்கள் மேலே செத்து, பல அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. அப்படித் துளிர்க்கும் வரம் ஒற்றைத் தண்டுப் பனைக்கு இல்லை. அடியிலிருந்து பக்கக்கன்று விடும் பனைகளுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. ஐரோப்பாவின் சொந்தப் பனையான மத்தியதரைக் குட்டைப் பனை அந்த ரகம். ஒரு தண்டு போனாலும் பக்கத்துத் தண்டு பிழைக்கும்.

மருமகன் கன்றைக் கையில் வாங்கியது செப்டம்பர் கடைசியில். விலை குறைந்திருந்ததாம். எல்லா மரமும் இலை உதிர்க்கத் தொடங்கும் நேரத்தில் பனை விலை ஏன் குறைகிறது என்று கணக்காளர் யோசித்திருக்க வேண்டும். பனை வேர் சூடான மண்ணில்தான் ஓடும். குளிர்காலத்துக்கு முன் நட்டால் வேர் பிடிக்காத கன்று ஈரக் குளிரில் நிற்கும். அதனால் தொட்டியோடு கார் கொட்டகையில் வெளிச்சம் படும் பக்கம் வைத்து, தண்ணீரைக் குறைத்து, மே மாதம் நடச் சொன்னேன். அப்படியே செய்தார். நல்ல பையன், சொன்னால் கேட்பார், எதிர்க்கேள்வி கேட்ட பிறகு.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மகளுக்கும் எனக்கும் தொலைபேசியில் நீண்ட பேச்சு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் ஓடுவதுபோலவே தாழ்வான பக்கம் போய்த் தேங்கும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில்தான் உறைபனி கடுமையாக விழும். தோட்டத்தின் பள்ளமான மூலையில் நட்டால் குருத்து அந்தக் குளிர்க் குளத்துக்குள் நிற்கும். செங்கல் சுவர் பகலில் வாங்கிய வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கும். அங்கே வடகோளத்தில் தெற்கு பார்த்த சுவருக்குத்தான் வெயில் முழுசாகக் கிடைக்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தெற்குச் சுவர், வடக்குச் சுவர் என்ற கவலையே நமக்கு வந்ததில்லை. காற்று இன்னொரு எதிரி. சூசன் பனையின் விசிறியைத் திறந்த வெளிக் காற்று கிழித்துக் கந்தலாக்கிவிடும். வேலியின் மறைவு வேண்டும். காற்று ஓயாத இடமாக இருந்தால் வாக்னீரியானஸ் என்ற சிறிய, விறைத்த மட்டை வகை மேல். ஜப்பானில் வீட்டுத் தோட்டங்களில் மட்டுமே கண்டது அது.

மண்ணைப் பற்றி மகள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் சொன்னேன்: களிமண். குழி தோண்டினால் தண்ணீர் நிற்கும். தாழ்நிலத்தில் செம்பனைக்குக் கால்வாய் வெட்டாமல் நட்டவன் உருப்பட்டதில்லை. அவர்கள் கால்வாய் எல்லாம் வெட்ட வேண்டாம், நிலத்தை மேடாக்கி, சரளை கலந்து, அந்த மேட்டில் நட்டால் போதும். குளிர் மட்டும் தனியாக வந்தால் பனை சமாளித்துக்கொள்ளும். குளிரும் ஈரமும் கூட்டுச் சேர்ந்தால்தான் குருத்தடியில் அழுகல் பிடிக்கிறது. இங்கிலாந்தில் அவை இரண்டும் எப்போதும் கூட்டுத்தான்.

உரம் பற்றி மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தோட்டத்து உரக் கணக்கில் பெரும் செலவு பொட்டாஷ்தான். அது குறைந்தால் பழைய மட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் படர்ந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி ஊடுருவும். பொட்டாசியம் பற்றாத பனை குளிருக்கும் எளிதில் அடிபடும். இலையுதிர் காலத்தில் தழைச்சத்தை அள்ளிப்போட்டால் குளிர் வரும் நேரத்தில் இளசாகத் தளிர் விட்டு நிற்கும், அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. அதனால் மே முதல் ஆகஸ்ட் வரை மெதுவாகக் கரையும் பனை உரம், பொட்டாஷும் மெக்னீசியமும் சேர்ந்தது. செப்டம்பருக்குப் பிறகு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதை மகளிடம் சொன்னபோது “அப்பா, நீங்கள் என்னிடம் பேசுவதைவிட மரத்தைப் பற்றி அதிகம் பேசுகிறீர்கள்” என்றாள். அவளிடம் மரத்தைப் பற்றித்தானே பேசுகிறேன்.

முதல் குளிர்காலம் வந்தது. மருமகன் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை வாங்கி மரத்துக்கு மாட்டிப் படம் அனுப்பினார். பிளாஸ்டிக்குக்குள் கட்டிவைத்த மரம், பையில் இறுக்கிக் கட்டிய சூடான நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப்போல வியர்த்து ஊசிப்போகும் என்றேன். அன்றிரவே கழற்றினார். காற்று ஊடுருவும் மெல்லிய தோட்டத் துணி அங்கே கடைகளில் கிடைக்கிறது. மைனஸ் 5க்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்னால் மட்டைகளை மேலே தூக்கித் தளர்வாகக் கட்டி, குருத்தைச் சுற்றிக் காய்ந்த வைக்கோல் செருகி, துணியைச் சுற்றி, உச்சியில் மழை இறங்காதபடி ஒரு மூடி. குளிர் தணிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அடியில் மரத்தூளோ காய்ந்த இலையோ ஒரு சாண் உயரம். வேரூன்றிய பெரிய மரத்துக்கு இவ்வளவு சீராட்டல் வேண்டாம், இது முதல் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குத்தான். பழைய பாணி மின்குண்டுச் சரத்தை உள்ளே சுற்றிச் சூடு கொடுப்பவர்களும் உண்டு. இப்போதைய எல்இடி சரத்தில் சூடு வராது, அலங்காரத்துக்குத்தான். மகளோ தீபாவளிக்கு வாங்கிய சரத்தைச் சுற்றிவிட்டாள். இருக்கட்டும், பார்க்க நன்றாக இருந்தது.

ஜனவரியில் மைனஸ் 6 வந்தது. அங்கே அந்த மாதம் பகல் என்பதே எட்டு மணி நேரம்தான். நாலு மணிக்கெல்லாம் இருட்டு. மறுவாரம் மகள் அழாத குறையாக அழைத்தாள், மட்டை நுனிகள் பழுப்பாகிவிட்டன, மருமகன் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார் என்று. வெட்டாதே என்றேன். பாதி கருகிய மட்டையும் மீதிப் பச்சையில் உணவு செய்துகொண்டுதான் இருக்கும், அடுத்த குளிருக்குக் குருத்தின் மேல் கூரையாகவும் நிற்கும். உறைபனிக்காலம் முழுதாகப் போன பிறகு, முற்றிலும் காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும்.

“இப்போது குருத்தைப் பிடி” என்றேன். “எப்படி அப்பா?” “நடுவில் விரியாமல் ஈட்டியாக நிற்கிறதே, அதன் நடுப்பகுதியை இரண்டு விரலில் பிடித்து மெதுவாக மேலே இழு. பிடுங்காதே, கேட்டுப் பார்.” வீடியோவில் அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடிப்பது தெரிந்தது. வரவில்லை. உறுதியாக இருக்கிறது என்றாள். கையோடு வந்திருந்தால், அடியில் கொழகொழப்பும் நாற்றமும் இருந்திருந்தால், அது குருத்தழுகல். அப்போதும் உடனே கைவிட வேண்டியதில்லை. அழுகியதை வழித்தெடுத்து, குழியைக் காயவிட்டு, செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லியை உள்ளே ஊற்றி, மழை படாமல் மூடி வைத்தால், வளர்முனை அதற்கும் கீழே உயிரோடு இருக்கும் பட்சத்தில் கோடையில் ஒரு கோணல் மட்டையாவது வெளியே வரும். பிறகு ஒவ்வொன்றாக நேராகும். ஆனால் ஒரு விதி: செம்பு மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றக்கூடாது, பனைக்கு அதுவே நஞ்சாகும்.

குருத்து பிழைத்தது போதாது, வளர்கிறதா என்று எப்படித் தெரிவது? அதற்கு நாற்றுமேட்டு வழி ஒன்று. அழியாத பேனாவால் குருத்தின் மீதும், அதை ஒட்டி நிற்கும் விரிந்த மட்டையின் காம்பின் மீதும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு. குருத்து வளர்ந்தால் அதன் கோடு மேலே ஏறும், காம்பின் கோடு இருந்த இடத்திலேயே நிற்கும். மகள் பிப்ரவரியில் போட்டாள். மார்ச் பாதி வரை இரண்டு கோடும் நேருக்கு நேர். மருமகன் தினமும் அளவுகோல் வைத்துப் பார்த்து ஒரு தாளில் குறித்திருக்கிறார், எல்லாம் பூஜ்யம். ஏப்ரலில் குருத்துக் கோடு ஒரு விரல் அகலம் ஏறியது. அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, “மாமா, வளர்ச்சி விகிதம் இனி ஏறுமுகம்” என்று எழுதியிருந்தார்.

அந்தத் தெம்பில் அவர் ஒரு கேனரித் தீவுப் பேரீச்சையும் வாங்கிவிட்டார். இறகு மட்டை, நம் தென்னைக்கு நெருங்கிய தோற்றம், மகளுக்கும் ஆசை. நான் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மைனஸ் 6, 7க்கு மேல் அதற்குத் துணிவில்லை; லண்டன் போன்ற பெருநகரத்து நடுவில், கட்டடச் சூட்டில் அது நிற்கலாம், லெஸ்டரில் ஒரு கெட்ட ஜனவரி போதும். இறகு மட்டைதான் வேண்டும் என்றால் பூட்டியா பனை மேல், மைனஸ் 10 வரை போகும், பழமும் தின்னலாம். “தொட்டியில்தான் வைப்பேன் மாமா, குளிருக்குக் கார் கொட்டகைக்குள் தள்ளிவிடுவேன்” என்கிறார். அந்தப் பேரீச்சை வளர்ந்தால் மட்டை ஒன்றே நான்கு ஐந்து மீட்டர் வரும். காரை எங்கே நிறுத்தப்போகிறார் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, அட்டவணை போட்டுக்கொண்டிருப்பார்.